மைக் செட்காரரின் மகள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அரசாங்கக் காகிதங்களில் மட்டும் உயிரோடு இருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் அவர் ஹலோக்காரர். கல்யாணமோ, கூட்டமோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் முதல் பேச்சு அவருடையதுதான். மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்பார். அதற்குப் பிறகுதான் அமைச்சரானாலும் சரி, மணமகனின் மாமாவானாலும் சரி, வாயைத் திறக்க முடியும்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்க வேண்டும். விழா தொடங்குவதற்கு முன்னால் கடைசி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். திருப்தியாக இல்லாவிட்டால் திரும்பி வந்து மிக்ஸரில் ஒரு திருகு திருகுவார். சில வருடங்களாக அந்தத் திருகு கொஞ்சம் அதிகமாகவே ஆகிக்கொண்டிருந்தது. இப்போது வரும் மெஷின்கள் எல்லாம் மட்டம், சத்தம் மங்கலாக வருகிறது, அதனால் உயர்ந்த சத்தங்களைத் தூக்கிக் காட்டும் ட்ரெபிளை ஏற்ற வேண்டியிருக்கிறது என்பது அவர் கட்சி. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வதை அவரும் பார்த்திருக்கிறார். முன்வரிசையில் உட்காருபவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் பந்தா ஜாஸ்தி என்று விட்டுவிட்டார்.

அவர் மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் கவுன்டர் வேலை. பகலெல்லாம் கண்ணாடித் தடுப்பில் இருக்கும் ஓட்டை வழியாக அளந்து அளந்து பேசுகிறவள். பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் தலையில் கொட்டுவாள். அவரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியபோது, திட்டு இரண்டு பங்கானது, சந்தோஷம் நாலு பங்கானது.

ஆனால் குழந்தைக்கு அவசரம். ஏழாம் மாதம் முடிவதற்குள் தாய்க்கு ரத்த அழுத்தம் எகிறி, கையெழுத்துப் போடு என்று யாரோ ஒரு தாளை நீட்ட, அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அவருடைய உள்ளங்கையை விட்டு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தாள், அவ்வளவுதான். அவளைக் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாய்க்கு ஆபரேஷன் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்ததால் அவளை மேல்தளத்தில் தனி அறையில் வைத்தார்கள். காய்ச்சல் முழுதாக இறங்கும்வரை குழந்தையின் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் மகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. நடுவில் மாடிப்படி ஏறி இறங்கிச் சேதி சொல்லும் வேலை அவருக்கு.

"யார் மாதிரி இருக்கா?" என்று மேலே கேட்பாள்.

"உன்னை மாதிரிதான். எப்பப் பாத்தாலும் மூஞ்சி சுளிச்ச மாதிரியே இருக்கு" என்பார்.

கீழே அந்த வார்டுக்குள் நுழைவது ஒரு சடங்கு. செருப்பைக் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு, கையில் இருக்கும் மோதிரம் சாவி எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட வேண்டும். அதையெல்லாம் அவர் ஒழுங்காகச் செய்துவிடுவார். பேசுவதுதான் அவருக்குக் கைவரவில்லை. சுவரில் ஒரு விளக்கு இருந்தது, மனிதக் காதின் வடிவத்தில். அறையில் சத்தம் அளவோடு இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், அதற்கும் மேலே போனால் சிவப்பு. முதல் நாள் அவர், "சிஸ்டர், பாப்பா நல்லா இருக்குங்களா?" என்று அவர் கணக்கில் ரகசியமாகத்தான் கேட்டார். காது சிவந்துவிட்டது. மற்றப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் குள்ளமான பெண்மணி. நடந்தால் தரைக்கே தெரியாது. அவள் அருகில் வந்து, உதட்டை நன்றாக அசைத்து, "அப்பா, இங்க பேசுறது பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கேட்டாப் போதும்" என்றாள்.

"சாரி சிஸ்டர். தொழில் அப்படி. ஆனா இந்த ரூம் எவ்வளவு அமைதியா இருக்கு! லைப்ரரி கெட்டது போங்க."

சிஸ்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அமைதியா? காலையிலேருந்து இந்த மெஷினுங்க பீப் பீப்னு கத்துற கத்துல எனக்கு மண்டை இடிக்குது."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். மெஷின்களில் சின்னச் சின்ன விளக்குகள் மினுங்கின. ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

குழந்தையின் மூக்கில் ஒரு குழாய் இருந்தது. அது காற்றை லேசாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பெட்டிக்கு மேலே ஒரு திரை, அதில் ஓர் எண். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் எண் அது, தொண்ணூறுக்கு மேலேயே இருக்க வேண்டும். குழந்தை டாக்டரம்மா ஒருநாள் அவரை உட்கார வைத்து நிலைமையைச் சொன்னார்.

"இந்தக் குழாயைச் சீக்கிரம் எடுத்துப் பார்க்கணும். அவ தானா மூச்சு விடணும். ஆனா இப்ப சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் திடுக்கிடுறா. திடுக்கிட்டா மூச்சு விட மறந்துடுறா. இது இப்படியே போனா, மறுபடியும் தொண்டைக்குள்ள குழாய் இறக்கிப் பெரிய மெஷின்ல போட வேண்டி வரும். அது வேண்டாம்னு பார்க்குறேன்."

மூச்சு விடுவதை ஒருத்தர் மறக்க முடியுமா? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. மாடிப்படி ஏறும்போது தன் மூச்சையே கவனித்துக்கொண்டு ஏறினார். கவனிக்க ஆரம்பித்ததும் அவருக்கே தாறுமாறாக வந்தது. திரும்பி வந்து பெரிய சிஸ்டரிடம் கேட்டார். வயிற்றுக்குள் இருந்தவரை அவளுக்கு மூச்சு விடும் வேலையே இல்லை, இப்போதுதான் பழகுகிறாள், பழகுகிறவர்கள் நடுநடுவே மறப்பது உண்டு என்றாள் சிஸ்டர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

"அம்மா குரலைக் கேட்டா சில குழந்தைங்க நிதானப்படும். உள்ள இருந்தப்போ கேட்டுக்கிட்டு இருந்த குரல் இல்லையா? இவ அம்மாவால வர முடியல. நீங்க குரலைப் பதிவு பண்ணிக் கொண்டு வாங்களேன். ரொம்ப மெதுவா, கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கலாம். டாக்டரம்மாகிட்ட நான் கேட்டுக்குறேன். அவளுக்கு ஒத்துக்கலேன்னா உடனே நிறுத்திடுவேன், அப்ப வருத்தப்படக் கூடாது."

"சிஸ்டர், யார்கிட்டப் போய் இதைக் கேக்குறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அவர். காது மறுபடியும் சிவந்தது.

அன்று சாயங்காலமே தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான மைக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். ஜன்னலுக்கு இரண்டு கம்பளியைக் கட்டினார். மின்விசிறி இரையும் என்று அதையும் நிறுத்தச் சொன்னார். காய்ச்சலில் கிடந்த மனைவிக்கு வேர்த்துக் கொட்டியது. மைக்கை முகத்துக்கு நேரே பார்த்ததும் அவளுக்குத் தன் குரல் மறந்துபோயிற்று. "அன்பு மகளே, நீ நலமாக இருக்கிறாயா, உன் தாய் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பவளைப் போல ஒப்பித்தாள். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்குக் கொண்டுபோய் ஒலியைச் சுத்தம் செய்தார். பேச்சுக்கு நடுவே வந்த மூச்சையெல்லாம் வெட்டினார். அடியில் 'ம்ம்' என்று இழுத்த இரைச்சலை எடுத்தார். அப்படியும் மங்கலாக இருந்ததாகப் பட்டதால் ட்ரெபிளை ஏற்றினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஒவ்வோர் எழுத்தும் கழுவி வைத்த மாதிரி வந்தபிறகுதான் நிமிர்ந்தார். அவர் ஆயுளில் இவ்வளவு அழகாக எதையும் பதிவு செய்ததில்லை என்று நினைத்தார்.

மறுநாள் மதியம் பெரிய சிஸ்டர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் குழந்தையின் கால்மாட்டில் வைத்தாள். சத்தத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்தாள். இவ்வளவு குறைத்தால் எப்படிக் கேட்கும் என்று அவருக்கு ஆதங்கம். போட்டாள்.

குழந்தையின் இரண்டு கைகளும் விசுக்கென்று விரிந்தன. விரல்கள் விறைத்துக்கொண்டன. முகம் சுருங்கிச் சிவந்து, வாய் பெரிதாகத் திறந்தது. திரையில் இருந்த எண் தொண்ணூறை விட்டு இறங்கி, எண்பதையும் தாண்டிச் சரிந்தது. சிஸ்டர் ஒரு கையால் ஸ்பீக்கரை அணைத்து, மறு கையை உள்ளே விட்டுக் குழந்தையின் உள்ளங்காலை விரலால் தேய்த்தாள். "விடு மூச்சு. விடு கண்ணு. விடு" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். எண் நின்றது. யோசித்தது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

"ஏன் இவ்வளவு கீச்சுன்னு வெச்சிருக்கீங்க?" சிஸ்டர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஊசி குத்துற மாதிரி இருக்கே."

"கீச்சா? தெளிவால்ல வெச்சிருக்கேன்?"

சிஸ்டர் ஸ்பீக்கரைப் பெட்டியில் இருந்து வெளியே எடுத்தாள்.

"சிஸ்டர், அவ அழ வாயைத் திறந்தா. சத்தமே வரலியே. தொண்டையில ஏதாவது கோளாறா?"

"வரலியா? நல்லாத்தானே அழுதா" என்றாள் சிஸ்டர். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஏதோ ஒன்று பிடிபட ஆரம்பித்தது.

வாசலில் வேனோடு மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். மனைவியின் தம்பி. பெட்டிகளை ஏற்றி இறக்குவதும் வேன் ஓட்டுவதும் அவன் வேலை. விழா நடக்கும்போதெல்லாம் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவான், அதனால் அவன் காது பழுதில்லாமல் இருந்தது. அவனைப் பிடித்துப் பதிவைப் போட்டுக் காட்டினார். அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"உண்மையைச் சொல்லு."

"மாமா... ரொம்ப நாளாவே இப்படித்தான் இருக்கு. போன கல்யாணத்துல பொண்ணோட அப்பாவே பஞ்சு வெச்சுக்கிட்டாரு."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன் மாமா. நீங்க ஆம்ப்ளிஃபையரைத் திட்டிட்டு, இன்னும் கொஞ்சம் ஏத்துனீங்க."

அதே ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்கும் அறை ஒன்று இருந்தது. பெரிய சிஸ்டரே ஒரு சீட்டு எழுதி அனுப்பினாள். சோதிக்கிறவன் சின்ன வயசுக்காரன், நல்ல பொறுமைசாலி. அவரை ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னான். முதலில் தாழ்வான சத்தங்கள் வந்தன. உற்சாகமாக அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. கையைப் பொத்தான்மேல் வைத்தபடி காத்திருந்தார். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். கடைசியில் பொறுக்க முடியாமல், "தம்பி, மிச்சத்தை எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றான்.

ஹார்ன் ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்ததன் பலன். கனமான, தாழ்ந்த சத்தங்கள் நன்றாகவே கேட்கின்றன. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன, திரும்ப வராது. கருவி வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் பழைய காது கிடைக்காது என்று அவன் மெதுவாக எடுத்துச் சொன்னான். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்து, தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

தொழில் போய்விடுமே என்ற பயமெல்லாம் அவருக்கு அப்போது வரவில்லை. அது நிதானமாகப் பின்னால் வரட்டும். பெற்ற மகள் வாய்விட்டு அழுதிருக்கிறாள், பக்கத்தில் நின்ற அப்பன் வாயை மட்டும் பார்த்திருக்கிறான். அதுதான் அவரைப் போட்டு அரித்தது. பக்கத்து அறையில் இருந்து அவள் கூப்பிட்டால்? தடுக்கி விழுந்து அழுதால்? சட்டையின் விளிம்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேல்தளத்தில் மனைவிக்குக் காய்ச்சல் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அவளிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை.

வேறு யாராவது அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் அவருக்கு எதையும் குடையாமல் இருக்க முடியாது. தாழ்ந்த சத்தம் நன்றாகக் கேட்கிறது என்றானே, அப்படியென்றால் வயிற்றுக்குள் இருந்த குழந்தைக்கு எந்தச் சத்தம் கேட்டிருக்கும்? போய்ப் பெரிய சிஸ்டரைக் கேட்டார்.

"தண்ணிக்குள்ள இருந்தா எப்படிக் கேக்குமோ அப்படித்தான்" என்றாள் அவள். "நீச்சல் குளத்துல முங்கி இருக்கீங்களா? மேல இருந்து யாராவது பேசினா எப்படி இருக்கும்?"

அவருக்கு நீச்சல் தெரியாது. வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம் இருந்தது. மறுநாள் காலை மைத்துனனைக் கூட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார்.

"நான் தலையை உள்ள விடுவேன். நீ டிரம்முக்குப் பக்கத்துல வாயை வெச்சுப் பேசிக்கிட்டே இரு."

"என்ன மாமா பேசுறது?"

"எதையாவது பேசு. இத்தனை நாள் என்கிட்டச் சொல்லாம வெச்சிருக்கியே, அதையெல்லாம் பேசு."

காதுவரை முங்கினார். மைத்துனனுக்கும் சொல்ல நிறைய இருந்திருக்க வேண்டும், விடாமல் பேசினான். அவர் மூச்சு வாங்க எழுந்து மறுபடி முங்கினார். மூன்றாவது தடவை முங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையைக் காட்டி, ஒருவன் தண்ணீரில் தலையைக் கொடுத்திருக்க, இன்னொருவன் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துவதைப் பார்த்து அலறினார். மதிலைத் தாண்டிக் குதித்து ஹலோக்காரரின் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"என்னய்யா இது! குழந்தைக்குச் சீக்கிரம் குணமாயிடும். இதுக்கெல்லாம் உசிரை விடுவாங்களா?"

"விடுங்க சார், கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர், தண்ணீர் சொட்டச் சொட்ட. அதற்கு மேல் விளக்க அவருக்குப் பொறுமை இல்லை. திரும்பவும் முங்கினார்.

உள்ளே ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. குரலின் ஏற்றமும் இறக்கமும் மட்டும் வந்தது. அது மைத்துனனின் குரல்தான் என்று மட்டும் எப்படியோ தெரிந்தது. அதற்கு அடியில் தன்னுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. கிழிந்த ஸ்பீக்கரைக் கம்பளியில் சுற்றிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தால் இப்படித்தான் இருக்கும். எந்த விழாவிலாவது அவர் இந்தச் சத்தத்தைக் கொடுத்திருந்தால் அடித்தே துரத்தியிருப்பார்கள். உலகத்திலேயே மோசமான மைக் செட் அது. அதற்குள்தான் அவர் மகள் இத்தனை மாதம் நிம்மதியாகக் குடியிருந்திருக்கிறாள்.

மேல்தளத்துக்கு மறுபடியும் மைக்கோடு போனார். இந்தத் தடவை கம்பளி இல்லை, மின்விசிறியும் ஓடியது.

"மறுபடியுமா? போன தடவை பேசினது என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"அது கொஞ்சம் சரியா வரல. சிஸ்டர் சாதாரணமாப் பேசச் சொல்றாங்க. வீட்டுல பேசுற மாதிரி."

"சும்மா எப்படிப் பேசுறது? சுவத்தைப் பாத்துப் பேசவா?"

அவர் தலையைச் சொறிந்தார். அவள் சாதாரணமாகப் பேசுவது என்றால் என்னவென்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"ஆமா, காலையில அடுப்பை அணைச்சேனா இல்லியான்னு ஞாபகம் வரல" என்றார்.

அவ்வளவுதான். படுக்கையில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுப்பில் தொடங்கி, பூட்டாமல் விட்ட கொல்லைக் கதவுக்கு வந்து, கல்யாணமான புதிதில் அவர் தொலைத்த குடைவரை ஒரு சுற்றுப் போனாள். ஆள் இல்லாத வீட்டில் துணியெல்லாம் எந்த லட்சணத்தில் கிடக்கிறதோ என்றாள். கொஞ்ச நேரத்தில் களைத்துப்போனாள். குரல் இறங்கியது. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா இல்லியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. அவ... அவளுக்கு முடி இருக்கா? நேத்து கேக்க மறந்துட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. அவர் அதை வெட்டவில்லை.

வீட்டில் மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்து, இத்தனை வருடம் மேலே ஏற்றிய திருகைக் கீழே இறக்கினார். பாவம் செய்கிற மாதிரி இருந்தது. தன் காதை நம்பாமல் மைத்துனனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"யாரோ போர்வைக்குள்ள சண்டை போடுற மாதிரி இருக்கு மாமா."

"இன்னும் குறைக்கணுமா?"

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"வார்த்தை புரியக் கூடாது. ஆனா உங்கக்கான்னு தெரியணும்."

பெரிய சிஸ்டர் முதலில் தன் காதில் வைத்துக் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திட்டுறாங்களா?" என்றாள். "ஆமாங்க, அதுதான் அவளுக்குப் பழக்கம்" என்றார். டாக்டரம்மாவும் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். போட்டார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. கை விரியவில்லை, எண்ணும் சரியவில்லை. அதுவே பெரிய விஷயம் என்று சிஸ்டர் கண்ணால் சைகை காட்டினாள். அவர் குழந்தையின் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கை இறங்கிக் கன்னத்தில் வந்து தங்கியது. புருவத்துக்கு நடுவே எப்போதும் இருக்கும் அந்தச் சுளிப்பு இல்லை. எண் தொண்ணூற்று நாலில் வந்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஹலோ என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

தினமும் கொஞ்ச நேரம் போட்டார்கள். எல்லா நாளும் பலித்தது என்று சொன்னால் பொய். பசியில் இருந்தபோது போட்டதற்கு அவள் இன்னும் எரிச்சல்பட்டாள், உடனே நிறுத்தினார்கள். சில நாள் கேட்டாளா தூங்கினாளா என்றே தெரியவில்லை. ஆனால் திடுக்கிடுவது குறைந்தது. குழாயை எடுக்கும் நாளும் வந்தது. எடுத்தபின் இரண்டு மூன்று முறை மூச்சை மறந்தாள். சிஸ்டர் உள்ளங்காலைத் தேய்த்து ஞாபகப்படுத்தினாள். பிறகு மறப்பது அரிதாகி, தொண்டைக் குழாய்ப் பேச்சையே டாக்டரம்மா எடுக்கவில்லை.

"எல்லாம் அந்தச் சத்தம்தானே டாக்டர்?" என்று ஆவலோடு கேட்டார்.

"பால், மருந்து, இவங்க கை, அவளோட பிடிவாதம்" என்று சிஸ்டரைக் காட்டிச் சொன்னார் டாக்டரம்மா. ஹலோக்காரரின் முகம் விழுவதைப் பார்த்துவிட்டு, "உங்க சத்தமும் கொஞ்சம்" என்று சேர்த்துக்கொண்டார். அந்தக் கொஞ்சத்தை அவர் அன்று மாலைக்குள் மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு ஒருநாள் பெரிய சிஸ்டர் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, அங்கியின் முன்பக்கத்தைத் திறந்து, குழந்தையை எடுத்து வெறும் நெஞ்சின்மேல் கவிழ்த்துப் படுக்க வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தினாள். எடையே இல்லை. சூடு மட்டும் இருந்தது. அவர் மூச்சு விடவே பயந்தார். விட்டால் அவள் ஏறி இறங்குகிறாளே! கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வந்து, தினமும் அப்படி உட்கார ஆரம்பித்தார்.

அவர் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில்தான் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கூட்டி வந்தார்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கை கழுவி, அங்கி மாட்டி, வாசலில் இருந்து உள்ளே அவள் வந்தாள். அதே நேரத்தில் நெஞ்சின்மேல் இருந்த குழந்தை ஏனோ அசைந்தது. அவருக்கு எலும்பில் ஒரு அதிர்வு வந்தது. தேனீ ஒன்று சட்டைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி, விட்டு விட்டு. அது என்ன என்று அவருக்கு இரண்டு நாளாகவே தெரியும். அவர் தலையைக் குனிந்து, அதைப் பார்த்துப் பரவசமாகச் சிரித்தார்.

மனைவி கண்டது இதுதான். இத்தனை நாள் காத்துக் கிடந்து முதல்முதலாகப் பார்க்கும் மகள் முகம் சிவக்க வீறிட்டு அழுகிறாள். அப்பன்காரன் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான்.

"என்னங்க இது, பச்சைக் குழந்தை தொண்டை கிழிய அழுவுது, சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க! உங்களுக்கென்ன காது செவிடா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பெரிய சிஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சக்கர நாற்காலியின் கைப்பிடியை மனைவி இறுகப் பிடித்தாள். "எப்பலேருந்து?" என்று கேட்டாள். அது அவருக்குக் கேட்கவில்லை, உதட்டில் இருந்து எடுத்துக்கொண்டார்.

"அது அப்புறம். இப்ப இவ அழுகையை நிறுத்திட்டா, பாத்தியா? நீ என்னைத் திட்டினதும் நிறுத்திட்டா."

"கேக்கலேன்னு சொல்றீங்க. நிறுத்தினது மட்டும் எப்படித் தெரியும்?"

"இங்க தெரியுது" என்று நெஞ்சைக் காட்டினார். "அவ அழுதா எனக்கு இங்கதான் கேக்கும்."

அவள் நாற்காலியை நெருக்கிக்கொண்டு வந்து, துணிக்கு அடியில் கையை விட்டு, குழந்தையின் முதுகில் வைத்தாள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, வாயில் பேச்சே வரவில்லை. சற்று நேரத்தில் அவர் நெஞ்சில் மறுபடியும் அந்த அதிர்வு தொடங்கியது.

"சும்மா இருக்காதே" என்றார் அவர் அவசரமாக. "அவ உன்னைத் தேடுறா. என்னை ஏதாவது திட்டு."